கருஞ்சிவப்புப் பூவும் காலை வெயிலும்

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, இடையிடையே தமிழூர்களும் கலந்து, கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்கள் நெடுஞ்சாலையை ஒட்டிக் கோவையாக அமைந்துள்ளன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல்மேட்டில் குடிகள் நெருங்கிவிட்டன. ஆதலால் வளவுகள் சிறியன, மதில்களோ உயர்ந்தன. இத்தகைய வளவில் பூச்செடி வைப்போர் முதலில் எண்ண வேண்டியது வெயிலைப் பற்றியே. மதிலடியில் நிற்கும் ஒரு முழச் செடி உச்சிவேளையில் மட்டுமே சூரியனைக் காணும். ஆளுயரம் எழுந்து தலையிற் பூக்கும் செடியோ, மதிலைக் கடந்து வரும் ஒளியை எட்டிப் பிடித்துக்கொள்ளும். நெடிய பூச்செடி இங்கே ஆடம்பரம் அன்று. இடத்துக்கு ஏற்ற செடி அதுவே.

அவற்றுள்ளும் கருஞ்சிவப்பு, கருநீலம் முதலிய ஆழ்ந்த நிறப் பூக்களின்மேல் பலருக்குத் தனி விருப்பம் உண்டு. நேரில் அவை பட்டுப்போல் தோன்றும். படம் எடுத்துப் பார்த்தாலோ, ஒன்று கரிக்கட்டியாக இருக்கும்; அல்லது வெளிறிய செங்கல் நிறமாக இருக்கும். கமெரா மலிவானது என்று அதன்மேற் பழிபோடுவது வழக்கம். பெரும்பாலும் பிழை கமெராவில் இல்லை; செடியை நட்ட இடத்தில் இருக்கிறது.

எந்தச் செடியை நடுவது? விதைப் பொட்டலத்தின் படத்தைக் கண்டு மயங்குவோர், குளிர்நாட்டின் நெடிய கரும்பூக்களைக் கல்முனையில் வளர்க்க முனைவதுண்டு. அவை நுவரெலியாவுக்கும், 1861-இல் தொடங்கப்பெற்ற ஹக்கலைப் பூந்தோட்டத்துக்கும் உரியவை. கடற்கரை மணலுக்கு வேறு மூன்று போதும். ஒன்று கல்வாழை. ஆறடி வரை எழும். செம்பு நிற இலை கொண்ட வகைகளில் பூவும் இலையும் ஒருங்கே கருமை காட்டும். கல்வாழையில் இதழென்று காணப்படுபவை உண்மையில் இதழ்கள் அல்ல. அவை உருமாறிய மகரந்தத் தாள்கள். மற்றொன்று கோழிக்கொண்டை, விதைத்த இரண்டு, இரண்டரை மாதங்களிற் பூக்கும். மூன்றாவது ஊரறிந்த செவ்வரத்தை. வேலியிற் படரும் காக்கணங்கொடியின் நீலப்பூவும் இவற்றுக்கு நல்ல துணையாகும்.

முற்றிலும் கறுப்பான பூ உலகில் இல்லை என்றே சொல்லலாம். செவ்வரத்தையிலும் காக்கணத்திலும் அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் அடர்ந்து நிற்பதால் கருமை தோன்றுகிறது. கோழிக்கொண்டையின் நிறமோ பீற்றலெயின் என்னும் வேறொரு பொருளால் ஆயது. பீற்றூட் கிழங்கின் சிவப்பும் அதுவே. இவ்விரண்டும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை என்பது வியப்பான செய்தி. கடுவெப்பம் அந்தோசயனினைக் குறைக்கும். ஆகவே மாரியிற் கறுத்துப் பூத்த செவ்வரத்தை கோடையில் வெளுத்தால் செடிக்கு நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை.

மணல் நீரையும் உரத்தையும் தாங்காது. ஒன்றரை அடிக் குழி வெட்டி, மக்கிய சாணத்தையும் தும்புத்தூளையும் மணலோடு கலந்து நிரப்புதல் நன்று. வயலோர ஊர்களாதலால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வேரடியில் அதைப் பரப்பினால் ஈரம் நிற்கும். கல்வாழைக்கு எவ்வளவு ஊட்டினாலும் தகும். கிணற்றடி நீர் வழிந்தோடும் இடமே அதற்கு உகந்தது. கோழிக்கொண்டை அப்படியன்று. நீர் தேங்கினால் வேர் அழுகும். மாரிமழை ஓய்ந்து தை மாதம் பிறந்தபின் அதனை விதைத்தால் சித்திரையில் பூவைக் காணலாம். கச்சான் காற்று தொடங்குமுன் அதன் பெரும்பகுதி பூத்து முடிந்துவிடும் என்பது மற்றொரு வசதி.

கச்சான் வறண்ட காற்று. நெடிய தண்டை முறிக்கவும் வல்லது. மதில் அதனை முழுதும் தடுக்கும் என்று நினைப்பது சரியன்று. இடைவெளியில்லாத சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபுறத்திற் சுழன்று விழும். பாதி காற்றைத் தன்னூடு போகவிடும் கிடுகுவேலி அதனினும் சிறந்த காப்பு. மதிலைவிட்டு ஓரிரு யார் தள்ளி ஒரு கிடுகுத் தட்டியை நிறுத்தி, செடிக்கு ஊன்றுகோல் கொடுத்து, தண்டை எட்டு வடிவ முடிச்சால் இளக்கமாகக் கட்ட வேண்டும்.

நீரைப் பற்றி இந்தக் கரைக்கென்று தனியே சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. மணலின் அடியில் மழையால் வந்த நன்னீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் 10,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கரையோரக் கிணறுகளும் உவர்ந்து போயின. கிணறுகளைத் துப்புரவாக்கும் நோக்கோடு விரைந்து இறைத்த இடங்களில், அடியிலிருந்த உப்புநீர் மேலேறிய துன்பமும் நேர்ந்தது. இன்றும் மின்பம்பியால் மணிக்கணக்காக இறைத்துத் தோட்டம் நனைப்பது நன்றன்று. இலையோரம் கருகினால் முதலில் கிணற்றுநீரைச் சுவைத்துப் பார்ப்பது தகும். காலையில், இலைமேற் படாமல், வேரடியில் வாளியால் ஊற்றுவதே போதும்.

இனிப் படமெடுக்கும் பகுதி. மனிதக் கண்ணும் கமெராவும் கருஞ்சிவப்பை ஒரே வகையிற் காண்பதில்லை. அரையிருளிற் சிவப்புக் கறுத்தும் நீலம் துலங்கியும் தோன்றுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு அறிஞர் புர்க்கினே எடுத்துக் காட்டினார். சுபஹுத் தொழுகை முடிந்து வளவுக்கு வருவோர் இதனை நேரிற் காணலாம்: காக்கணம் முதலில் தெரியும்; செவ்வரத்தை கரும்புள்ளியாக நிற்கும்; வெளிச்சம் ஏறியபின்னரே அது சிவக்கும். கமெராவுக்கு இந்த மாற்றம் இல்லை. அதற்கு வேறொரு பழக்கம் உண்டு. தன் முன்னுள்ளது எதுவாயினும், மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சமுடையது என்று கொண்டே அது ஒளியை அளக்கிறது. கரும்பூ படத்தை நிறைத்து நின்றால், வெளிச்சம் போதவில்லை என்றெண்ணி ஒளியைக் கூட்டும், பூ வெளிறும். வெள்ளைச் சுண்ணாம்பு மதில் நிறைந்து நின்றால், வெளிச்சம் மிகுந்தது என்று குறைக்கும், பூ கரியாகும். கையடக்கத் தொலைபேசியிலும் இதே கதைதான். அதன் திரையிற் பூவின்மேல் விரலை வைத்து, தோன்றும் ஒளிக்குறியைச் சற்றுக் கீழே இழுத்தால் முதற் குறை தீரும். சிவப்பு மிகுந்த பூவில் மற்ற நிறங்களுக்கு முன்னே சிவப்பே நிரம்பி வழிந்துவிடும். இதழின் நரம்புகள் மறையும். ஆதலால் கண்ணுக்குச் சற்று இருண்டு தோன்றும் படமே கருஞ்சிவப்புக்கு ஏற்றது.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களிற் செவ்வரத்தை கறுத்திருப்பதற்குக் காரணம் வேறு. முற்காலத்துத் தகடுகள் சிவப்பொளியை உணரவே இல்லை. எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் விற்பனைக்கு வந்தன.

ஒளியின் அளவைக் காட்டிலும் அது வரும் திசை முக்கியம். முன்னிருந்து விழும் வெயிலில் கரும்பூ ஒளியை விழுங்கிக்கொண்டு நிற்கும். பின்னிருந்து வரும் வெயிலிலோ கல்வாழையும் செவ்வரத்தையும் விளக்குப்போல் எரியும். ஒளி அவற்றின் மெல்லிய மடல்களை ஊடுருவி வருவதே காரணம். கோழிக்கொண்டை தடித்தது, ஊடுருவ விடாது. ஆயினும் அதன் ஓரத்து மயிர்களில் ஒளி கோடிட்டு நிற்கும். சூரியன் கடலிலிருந்து எழும் இக்கரையில் இதற்கான இடம் ஒவ்வொரு வளவிலும் ஆயத்தமாகவே உள்ளது. கிழக்கு மதிலின் உட்புறம் காலையில் நிழலில் இருக்கும். ஆறடி மதிலிலிருந்து ஆறடி விலகி, ஐந்தடி உயரத்தில் பூக்கும் செடியை நட்டால், சூரியன் உதித்து முக்கால் மணி அளவில் வெயில் மதிலைத் தாண்டிப் பூவைத் தொடும். பின்னால் மதில் இருண்டே இருக்கும். படமெடுப்பவர் மேற்கே நின்று, பூவின் மட்டத்திலேயே கமெராவைப் பிடித்தாற் போதும். கீழிருந்து நோக்கினால் பின்னணி வானமாகிப் பூ வெறும் நிழலுருவாகும். சூரியன் மார்கழியில் தென்கிழக்கும் ஆனியில் வடகிழக்கும் சாய்ந்து உதிப்பதையும் நடுமுன் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

பின்னணியின் நிறமும் பூவின் நிறத்தை மாற்றும். பாரிசின் கொபலின் நெசவாலையில் 1824 முதல் சாயப்பகுதிக்குத் தலைவராயிருந்த செவ்ரேல் என்பாரிடம், கறுப்பு நூல் ஆழமின்றித் தோன்றுகிறது என்று முறையிட்டனர். சாயத்தை ஆராய்ந்தவர் அதிற் குறையில்லை என்று கண்டார். அருகில் நெய்யப்பட்ட நீல, ஊதா நூல்களே கறுப்பை மங்கச் செய்தன. 1839-இல் அதனை நூலாக வெளியிட்டார். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையிற் பிறந்தோர்க்கு இவ்வுண்மை புதிதாக இராது. கடும்பச்சை இலைக்கூட்டத்தின்முன் கருஞ்சிவப்பு அமிழும். கிடுகின் காய்ந்த மண்ணிறத்தின்முன் எழுந்து நிற்கும்.

காலையிற் படமெடுக்க வேறு காரணமும் உண்டு. அந்நேரம் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். செவ்வரத்தைப் பூவின் வாழ்வும் பொதுவாக ஒரு பகலே. காற்று எழுந்தபின் எடுப்பதாயின் செக்கனில் 500-இல் ஒரு பங்கு நேரமே கமெரா திறந்திருக்க வேண்டும்.

மதிலுக்கு மேலாகக் கமெராவை உயர்த்தி அண்டை வளவும் விழும்படி படமெடுப்பது முறையன்று என்பதை இவ்வூர்களில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயிருள்ளவற்றின் உருவம் பற்றி மார்க்க அறிஞரிடையே பல கருத்துகள் உண்டு. மரஞ்செடிகளைப் படமாக்குவதற்கு அவர்கள் பொதுவாகத் தடை சொல்வதில்லை. தம்மைப் படமெடுப்பதை விரும்பாத பெண்கள் பலரும் தம் தோட்டத்தைத் தயக்கமின்றிப் படமெடுக்கலாம்.

அப்படத்துக்கு அழகைவிடப் பெரியதொரு பயனும் உண்டு. கோழிக்கொண்டையின் விதை, பூ நன்கு காய்ந்தபின்னரே கொள்ளத்தக்கது. அப்போது எல்லாக் கொண்டையும் ஒரே பழுப்பு. எது மிகக் கறுத்துப் பூத்தது என்று எவராலும் சொல்ல முடியாது. பூ முற்றிய நாளில் ஒவ்வொரு செடியையும், தண்டில் ஓர் இலக்கச் சீட்டைக் கட்டி, அருகில் ஒரு வெள்ளைக் கடதாசியையும் பிடித்து, ஒரே நேரத்து ஒளியிற் படமெடுத்து வைக்க வேண்டும். படங்களில் கடதாசி ஒரேயளவு வெண்மையாய்த் தெரிந்தால் பூக்களின் கருமையை நம்பி ஒப்பிடலாம். மஞ்சட் கொண்டைகள் பக்கத்தில் நின்றிருந்தால் கலப்பு நேர்ந்திருக்கக் கூடும். அத்தகைய செடியை விட்டுவிட்டு, கறுத்த செடியின் இலக்கத்தைக் குறித்து அதன் விதையை மட்டும் உலர்ந்த போத்தலில் அடைத்து, அடுத்த தை வரை வைத்துக்கொள்ளலாம்.