அரைப்பேர் போடும் மென்பொருள்

காலை, பகல், அந்தி என்று மூன்று நேரமும் கொழுந்து நிறுக்கிறார்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் இப்போது டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. தராசில் விழும் கிலோ செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், ஏறுவதற்குள் மென்பொருளைக் கடந்தாக வேண்டும்.

அந்த மென்பொருளை வெப் கம்போனன்ட்கள் என்ற தனித்தனித் துண்டுகளால், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடையை வாங்குவது ஒரு கம்போனன்ட், நாள் கணக்கைக் கூட்டுவது இன்னொன்று. முதலாவது ஒரு 'ஈவென்ட்'டை, அதாவது செய்தியை, இரண்டாவதற்கு அனுப்பும். அதற்குள் 'எடை' என்ற பெயரில் கிலோ இருக்கும். ஒருநாள் புரோகிராமர் ஒருவர், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக மிஞ்சுவதுதானே என்று அதை 'நிகரஎடை' என மாற்றுகிறார். கூட்டும் கம்போனன்ட் இன்னமும் 'எடை'யையே தேடுகிறது. கிடைப்பது வெறுமை. வெறுமையோடு 8 கிலோவைக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் நின்றுவிடாது. 'எண் அல்ல' என்றொரு மதிப்பைத் தரும். முழுப்பேருக்கு 18 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அது 18-ஐ எட்டியதா என்று கேட்டால் எப்போதும் 'இல்லை' என்றே பதில் வரும். 21 கிலோ பறித்தவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும். திரையில் ஒரு பிழைச் செய்தியும் வராது.

எண்ணா எழுத்தா என்ற வகைகளை ஜாவாஸ்கிரிப்டோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் இத்தகைய தவறுகளைப் பிடிக்கவே வந்தது. ஆனால் நாமே உருவாக்கும் ஈவென்ட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லாவிட்டால், 'எதுவும் இருக்கலாம்' என்று அதுவும் விட்டுவிடுகிறது. இந்த ஓட்டையை அடைக்க லிண்ட் விதி உதவும். நிரலை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் கருவி லிண்ட். அதை 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக முதலில் எழுதினார். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் 2013 முதல் இஎஸ்லிண்ட் இருக்கிறது; அதில் நமக்கு வேண்டிய விதியை நாமே சேர்க்கலாம். விதி இதுதான்: ஒவ்வொரு ஈவென்ட்டின் உள்ளடக்கமும் ஒரே இடத்தில் அறிவிக்கப்பட வேண்டும், அனுப்புபவரும் வாங்குபவரும் அந்த அறிவிப்பையே பயன்படுத்த வேண்டும். அப்படி இருந்தால், பெயரை மாற்றிய மறுநொடி டைப்ஸ்கிரிப்ட் சிவப்புக் கோடு போடும்.

இந்த விதியை மீறுவதை எச்சரிக்கையாக வைத்தால் போதாது, பிழையாகவே வைக்க வேண்டும். எச்சரிக்கைகள் நூறு சேர்ந்தால் எவரும் படிப்பதில்லை. இந்த விதிக்கும் எல்லை உண்டு: நிரல் ஓடும்போது டைப்ஸ்கிரிப்டின் வகைகள் மறைந்துவிடும். தராசிலிருந்து வருவது எண்தானா என்று வாசலிலேயே தனியாகச் சோதிக்க வேண்டும்.

மலையகத்திலிருந்து மென்பொருள் துறைக்குப் போயிருக்கும் தம்பி தங்கைகளே, சம்பளக் கணக்கைத் தொடும் நிரல் உங்கள் கைக்கு வந்தால் இந்த விதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். நிறுத்த கிலோவை அந்த இடத்திலேயே துண்டில் அச்சிட்டுக் கொழுந்து பறித்தவர் கையில் கொடுக்கவும் வழி செய்யுங்கள்.