325 கோடியில் ஒன்று, ஆனாலும் கைக்கு வரும்

ஜப்பானிய மாஜாங்கில் டீலர் முதல் காயை எடுத்ததுமே கை முழுமையாக அமைந்துவிட்டால் அதற்குத் 'தென்ஹோ' என்று பெயர். சுமார் 3,30,000 பங்கீட்டில் ஒரு முறை நேரும். 'கொக்குஷி முசோ' என்னும் கை அதேபோல முதல் 14 காய்களிலேயே வந்து விழ வேண்டுமானால், வாய்ப்பு ஏறக்குறைய 325 கோடியில் ஒன்று. கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு அரிது. ஆனால் மேசையில் நடப்பது நேரெதிர். வாழ்நாளெல்லாம் ஆடியும் தென்ஹோவைக் காணாதவர்கள் ஏராளம்; கொக்குஷியோ விடாமல் ஆடுபவர்கள் கண்ணில் அவ்வப்போது படுகிறது.

காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 34 வகைக் காய்கள், வகைக்கு நான்காக மொத்தம் 136. நான்கு பேருக்கும் ஆளுக்கு 13. ரம்மியைப் போல ஒன்றை எடுத்து ஒன்றைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். வழக்கமாக நான்கு தொகுதிகளும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் வெற்றி. கொக்குஷிக்கு இந்த விதியே கிடையாது. மூன்று எண் வரிசைகளின் 1, 9, நான்கு திசைக் காற்றுகள், மூன்று டிராகன்கள் ஆகிய 13 வகையிலும் ஒவ்வொன்று வேண்டும். அவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் இரண்டு. கிடைப்பது 32,000 புள்ளி, டீலருக்கு 48,000. பெரும்பாலும் ஆளுக்கு 25,000 புள்ளியோடு தொடங்கும் ஆட்டம் இது!

பங்கீட்டில் கிடைக்கும் 13 காய்களில் இந்த வகைகள் சராசரியாக நான்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஆனால் அதன்பின் ஒவ்வொருவருக்கும் 17 அல்லது 18 முறை காய் எடுக்க வாய்ப்புண்டு. வேண்டாததைக் கழித்து வேண்டியதை வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு முடிவும் அந்த 325 கோடியைக் கரைக்கிறது. யாகுமான் என்னும் உச்சக் கைகளை அதிர்ஷ்டத்தின் கணக்கிலேயே எழுதுவது ஆடுபவருக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். தென்ஹோவில்தான் ஆடுபவருக்கு வேலையே இல்லை.

உண்மையான சோதனை, முதல் காயை எடுத்தபின் கையில் இந்த வகைகள் ஒன்பது இருக்கும்போது வருகிறது. பல விதிமுறைகளில் அப்போது ஆட்டத்தை ரத்துசெய்து மறுபடி பங்கிடச் சொல்லலாம். சொல்லாமல் தொடர்ந்தால் இன்னும் நான்கு வகை தேவை. மற்றவர்கள் இவற்றைப் பயனற்றவை என்று ஆரம்பத்திலேயே வீசுவார்கள். கடைசி ஒன்றைத் தவிர எதையும் அங்கிருந்து எடுக்க முடியாது. கையில் இல்லாத ஒரு வகையின் நான்கு காய்களும் வெளியே போய்விட்டால் கை அங்கேயே செத்தது. நடுக்காய்களையே தொடர்ந்து கழிப்பதால் எதிராளிகளுக்கும் விஷயம் புரிந்துவிடும். பிறகு இந்த வகைக் காய்களைக் கீழே விடமாட்டார்கள்.

ஜோடி சேர்ந்து ஒரு வகை மட்டும் குறைந்தால், காத்திருப்பது அதிகபட்சம் நான்கே காய்களுக்கு. ஜோடி இல்லாமல் 13 வகையும் ஒவ்வொன்றாகச் சேர்ந்திருந்தால் அவற்றில் எது வந்தாலும் வெற்றி. அப்போது காத்திருப்பது அதிகபட்சம் 39 காய்களுக்கு. சில விதிமுறைகள் இதற்கு இரட்டைப் புள்ளி தருகின்றன.