காடு காண்போர் காடு காப்போர் ஆதல்

மக்கள் காட்டை நாடிச் செல்வது பல காரணம் பற்றியாம். சிலர் கோடை வெப்பந் தணியச் செல்வர். சிலர் யானையையும் மானையும் காணச் செல்வர். சிலர் பிறர் சென்றனர் என்பது பற்றியே செல்வர். இவருள் ஒரு சாரார் தாம் சென்ற இடத்தைக் குப்பைமேடாக்கி மீள்கின்றனர். மற்றொரு சாராரோ அதனைக் காத்தற்குப் பொருளும் உழைப்பும் உதவுகின்றனர். இருசாராரும் கண்ட காடு ஒன்றே. அவர்தம் செயல் வேறுபடுவது யாது பற்றி? அதனை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் வைத்து எண்ணத்தக்கது வியப்பு. ஸ்காத்லாந்திற் பிறந்த ஜான் மியூர் என்பார் 1868-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்கு ஒரு வழிப்போக்கராகவே வந்தார். அங்குள்ள மலையும் அருவியும் வானளாவிய மரங்களும் அவருள்ளத்தைப் பிணித்தன. மறு ஆண்டு ஆட்டு மந்தையொன்றுடன் அம்மலைமேற் சென்று கோடையைக் கழித்தபொழுது, ஆடுகள் புல்லையும் பூவையும் வேரற மேய்ந்தழித்தலைக் கண்டு உளம் நொந்தார். அவ்வியப்பும் நோவும் அவர் எழுதுகோலை இயக்கின. அவருடைய கட்டுரைகள் 1890-ஆம் ஆண்டில் யோசெமிட்டி தேசீய வனம் ஏற்படுதற்குப் பெருந்துணையாயின. 1892-இல் அவரைத் தலைவராகக் கொண்டு சியரா சங்கம் தோன்றிற்று. 1903-இல் நாட்டுத் தலைவராகிய தியோடோர் ரூஸ்வெல்ட் அவரோடு மூன்றிரவு காட்டிலே தங்கினார். 1906-இல் பள்ளத்தாக்கும் அத்தேசீய வனத்தோடு சேர்ந்தது.

ஆயின், வியப்பு ஒன்றே அமையாது. அவ்வனத்திலே வவோனா மரம் என்னும் பெருமரமொன்றின் அடியை 1881-ஆம் ஆண்டிற் குடைந்து, வண்டி செல்லும் வழியாக்கினர். தலைமுறை தலைமுறையாக மக்கள் அதனூடே சென்று மகிழ்ந்தனர், படமும் பிடித்தனர். ஈராயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற அம்மரம் 1969-இற் பனிச்சுமை தாங்காது வீழ்ந்தது. அறிவொடு கூடாத வியப்பு தான் வியந்த பொருளுக்கே ஊறு செய்யும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்வறிவு எங்ஙனம் வரும்? தேக்கடியைச் சூழ்ந்த பெரியாற்று வனத்தை நோக்குவோம். திருவிதாங்கூர் அரசினரால் 1934-இல் விலங்குகளின் புகலிடமாக்கப்பட்டு, 1978-இற் புலிகள் காப்பகமாகிய வனம் அது. அங்கே வயணம் எனப்படும் காட்டிலவங்க மரத்தின் பட்டையைக் களவாய் உரித்து விற்று வாழ்ந்தோர் சிலர் இருந்தனர். சென்ற நூற்றாண்டின் இறுதியில் வனத் துறையினர் அவர்க்கு வேறு பிழைப்புக் காட்டினர். கள்வர் நடந்த வழியெல்லாம் அறிந்த அவரே இன்று காண வருவோர்க்கு வழிகாட்டிகளாய், காட்டுக்குங் காவலராய் விளங்குகின்றனர். புலியைக் காண்டல் அங்கு அரிதே. ஆயினும், மரத்திற் பதிந்த நகக்கீறலையும் சேற்றிற் படிந்த அடிச்சுவட்டையும் அவர் சுட்டியுரைக்கக் கேட்டவன், காணாத புலியையும் மதிக்கக் கற்றுக்கொள்கின்றான். அன்றியும், தான் கொடுக்கும் கட்டணம் முன்னாட் கள்வன் ஒருவனை இந்நாட் காவலனாக்கி நிறுத்துகின்றது என்பதை அவன் கண்ணெதிரே காண்கின்றான். தன் சிறு பொருளாற் பெரும்பயன் விளைதலைக் காண்பவன் மீட்டும் உதவ முன்வருவன். பணம் எங்குச் சென்றதென அறியாதவன் அதனைத் தண்டமென்றே கருதுவன்.

மூன்றாவது நன்றியுணர்ச்சி. 1895-ஆம் ஆண்டிற் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் முடித்த அணையினாலே, மேற்கே ஓடிய பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திரும்பித் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளுக்குப் பாய்கின்றது. தேக்கடி ஏரியிலே படகிற் செல்வோர், நீரில் மூழ்கி மாய்ந்த மரங்களின் கட்டைகள் தலைநீட்டி நிற்றலையும் அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகுலர்த்துதலையும் காண்பர். நம் வயலுக்கு நீர் வருதற்பொருட்டு அக்காடு தன்னில் ஒரு பகுதியை ஈந்தது. எஞ்சிய காடு அழியுமாயின், மழைநீரை மண்ணிற் பிணித்துச் சிறிது சிறிதாக விடுவார் யாவர்? இதனை உணர்ந்த உழவன் மகன் அங்கே விருந்தினனாக நில்லான், கடன்பட்டவனாகவே நிற்பான். அவ்வனத்தின் ஓரத்தில் வாழும் பெண்டிர் சிலர், வசந்த சேனை என்னும் பெயரால் முறைவைத்துக் கூலியின்றிக் காட்டைச் சுற்றிக் காவல் புரிகின்றனர். அவர்க்கு ஆசிரியர் எவருமிலர். காடு தம்முடையது என்னும் எண்ணமே ஆசிரியராம்.

இறுதியாகப் பிறர் நடையின் ஆற்றலைக் கூறல் வேண்டும். அமெரிக்க நாட்டு அரிசோனாவிலே, மரங்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் வனம் ஒன்றுளது. காண வருவோர் அக்கற்களைக் கவர்ந்து செல்லாவண்ணம் தடுத்தற்குரிய வழியை, ராபர்ட் சியால்டினி என்னும் உளநூலறிஞரும் அவர் கூட்டத்தாரும் ஆராய்ந்தனர். முன்வந்தோர் பலர் கல்லை எடுத்துச் சென்றமையால் வனம் கெட்டது என ஒரு பலகை வைத்தனர். கல்லை எடுக்கவேண்டா என வேண்டிப் பிறிதொரு பலகை வைத்தனர். அடையாளமிட்ட துண்டுகளுள் முன்னையதன் அருகே நூற்றுக்கு எட்டளவு களவுபோயின. பின்னையதன் அருகே நூற்றுக்கு இரண்டினும் குறைவே. பலரும் செய்கின்றனர் என்று பழித்தல், நீயும் செய்க என்று விடைகொடுத்தலாய் முடிந்தது! ஆதலின், கெடுப்போர் தொகையைப் பறைசாற்றுதலினும் காப்போர் செயலை எடுத்துக்காட்டுதலே நன்று.

எனவே, வியப்பு வித்தாகவும், அறிவு நீராகவும், நன்றி உரமாகவும், நல்லோர் நடை வேலியாகவும் அமைந்தவிடத்துக் காவலுணர்ச்சி தழைக்கும் என்பது பெறப்படும். கல்லூரி மாணவராகிய நாம் விடுமுறைதோறும் மலைநாடு செல்கின்றோம். இனிச் செல்லுங்கால், அவ்விடத்து வழிகாட்டியை உடன்கொண்டு, அவர் உரைப்பதைச் செவிமடுத்து, கொண்டுசென்றதனைத் திரும்பக் கொணர்வோமாக. நம் பின்னே வருவோர் நம்மைப் பார்த்தே நடப்பர் என்பதையும் மறவாதிருப்போமாக.