தோளில் ஒரு பட்டறை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்துகளிலும், பரனூர் நிலையத்தில் நின்று செல்லும் மின்தொடர் வண்டிகளிலும், தோளில் கனத்த பையுடன் செல்லும் இளைஞர்களையும் இளம் பெண்களையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அப்பைகளில் பலவற்றுள் இருப்பது மடிக்கணினி. அவற்றுள்ளும் ஒருசில, ஏனையவற்றைவிட இருமடங்கு கனமானவை. அகன்ற திரையும் பேராற்றலும் படைத்தவை. 'ஒர்க்ஸ்டேஷன்' என்று கடைக்காரர்கள் பெயர் சொல்லி விற்கும் இப்பொறியின் விலையைக் கேட்டால் எந்தக் குடும்பத் தலைவரும் ஒருகணம் திகைத்துத்தான் போவார். ஓர் இலட்ச ரூபாயைத் தாண்டித்தான் அதன் விலையே தொடங்குகிறது. உயர்ந்த வகையானால் மூன்று, நான்கு இலட்சத்தையும் கடந்துவிடுகிறது.

"தொழிலுக்கு வேண்டும், வாங்கித் தாருங்கள்" என்று மகனோ மகளோ கேட்கும்போது பெற்றோர் என்ன செய்வது? மறுத்தால் பிள்ளையின் முன்னேற்றத்திற்குத் தடையாகிவிடுவோமோ என்ற அச்சம். இசைந்தால் தாயின் கழுத்து நகை அடகுக்குப் போகுமே என்ற கலக்கம். இவ்விரண்டிற்கும் நடுவே நின்று தவிக்கும் குடும்பங்களுக்குச் சிறிதளவேனும் தெளிவு பிறக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியும் தொழிலாளியும்

கருவியின் அருமையை அறிய நம் பகுதி மக்கள் தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பிகள் இரும்பு உளியையும் சுத்தியலையும் கொண்டே மாமல்லபுரத்தின் பாறைகளை இரதங்களாக்கினர். மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தமையால், சில இரதங்களின் அடிப்பகுதி முற்றுப்பெறாமலே நிற்பதை இன்றும் காணலாம். அக்கலை அழிந்துவிடாதிருக்க அரசு அங்கே 1957ஆம் ஆண்டு தொடங்கிய பயிற்சி நிலையமே இன்று கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது.

சிற்பியிடம் உளிகள் பல உண்டு. முனை மழுங்கினால் உலையிலிட்டுத் தீட்டிக்கொள்வார். அவை அவர் கைக்குப் பழகியவை. எளிதில் பிறருக்குக் கொடுக்கமாட்டார். ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். செய்யும் வேலைக்கு ஏற்ற உளியைத்தான் அவர் வாங்குவார். பக்கத்துப் பட்டறைக்காரர் வைத்திருக்கிறாரே என்பதற்காக எந்த உளியையும் வாங்கமாட்டார். மூன்று இலட்ச ரூபாய்க் கணினிக்கும் இதே அளவுகோல்தான்.

இன்று கல் வேலையிலும் கணினி புகுந்துவிட்டது. பழைய சிலை ஒன்றைப் பல கோணங்களில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றிணைத்து முப்பரிமாண வடிவமாகத் திரையில் எழுப்புகின்றனர். அவ்வடிவத்தைக் கொண்டு இயந்திரங்கள் கல்லைக் குடைகின்றன. கட்டட வரைபடம் தீட்டுவோர், கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கப்பெற்ற அணு ஆராய்ச்சி நிலையத்தையும் பிற தொழிற்சாலைகளையும் சார்ந்து பொறியியல் பணி செய்வோர், சிறுசேரியிலும் மகேந்திரா நகரிலும் மென்பொருள் எழுதுவோர், திரைப்படத்திற்கு வரைகலை அமைப்போர் எனப் பலருக்கும் கணினியே பட்டறையாகிவிட்டது. அப்பட்டறையைத் தோளில் சுமந்து செல்லும் ஏற்பாடே இந்தப் பெரிய மடிக்கணினி.

எதனால் இத்தனை விலை?

கையில் எடுத்துச் செல்லத்தக்க கணினி என்று வணிகத்தில் முதன்முதலாக வெற்றி கண்டது 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 என்பதாகும். தையல் இயந்திரப் பெட்டி போன்ற தோற்றம். ஏறக்குறைய 11 கிலோ எடை. திரையோ வெறும் 5 அங்குலம். இன்றைய ஒர்க்ஸ்டேஷன் மடிக்கணினி மூன்று கிலோ அளவில், 16 அல்லது 17 அங்குலத் திரையுடன் கிடைக்கிறது. நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பெரும்புதூரிலேயே டெல் நிறுவனம் 2007ஆம் ஆண்டு முதல் கணினித் தொழிற்சாலை நடத்தி வருகிறது.

சாதாரண மடிக்கணினியிலிருந்து இது மூன்று வகையில் வேறுபடுகிறது.

முதலாவது, வரைகலை அட்டை. கட்டடத்தையோ இயந்திர உறுப்பையோ திரையில் சுழற்றிப் பார்க்கும்போது கோடிக்கணக்கான புள்ளிகளை நொடிக்கு நொடி கணக்கிட வேண்டும். அதற்கெனத் தனி மூளை தேவை. விளையாட்டுக்கென விற்கப்படும் மடிக்கணினிகளிலும் இத்தகைய அட்டை உண்டு. பல வேளைகளில் அதே வேகத்தைக் குறைந்த விலையிலேயே அவை தந்துவிடும். ஆனால் ஒர்க்ஸ்டேஷனில், குறிப்பிட்ட பொறியியல் மென்பொருள்கள் பிழையின்றி இயங்குகின்றனவா என்று சோதித்து, மென்பொருள் நிறுவனங்களே சான்று வழங்குகின்றன. அச்சான்றுக்கும் சேர்த்தே நாம் விலை கொடுக்கிறோம்.

இரண்டாவது, நினைவகம். சாதாரணப் பொறியில் 8 அல்லது 16 ஜிபி இருந்தால், இதில் 64, 128 ஜிபி வரையிலும் அதற்கு மேலும் பொருத்த இயலும். சில வகைகளில், நினைவகத்தில் ஓர் எழுத்து தானாக மாறிவிட்டாலும் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. இரவு முழுதும் ஓடும் கணக்கில் ஓரிடத்தில் நேரும் பிழை, பாலத்தின் அளவையே மாற்றிவிடக்கூடும் அல்லவா?

மூன்றாவது, திரையும் உடலமைப்பும். வண்ணங்களை உள்ளவாறே காட்டும் அகன்ற திரை, நெடுநேரம் வெப்பத்தைத் தாங்கும் விசிறிகள், பழுது பார்க்கவும் உறுப்புகளை மாற்றவும் எளிதான அமைப்பு ஆகியன இதற்கு உண்டு.

இச்சிறப்புகளுக்கு எதிரே சில குறைகளும் உள. முழு ஆற்றலுடன் வேலை செய்தால் மின்கலம் இரண்டு மணி நேரம் தாங்குவதே அரிது. வானூர்திப் பயணத்தில் 100 வாட்-மணிக்கு மேற்பட்ட மின்கலத்திற்குத் தனி அனுமதி வேண்டுமாதலால், உற்பத்தியாளர்களும் அந்த எல்லைக்குள்ளேயே மின்கலத்தை அமைக்கின்றனர். எனவே மின்னேற்றியையும் உடன் சுமக்க வேண்டும். அதுவே செங்கல் போன்றிருக்கும். விசிறியின் இரைச்சலும் சிறிதன்று. 'மடி' என்ற பெயர் இருந்தாலும் மடியில் வைத்து வேலை செய்யும் பொருள் அன்று இது, மேசை வேண்டும்.

யாருக்குத் தேவை?

கணக்கு எழுதுபவருக்கும், கடிதம் தட்டச்சு செய்பவருக்கும், பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் இப்பொறி வேண்டியதில்லை. கல்லூரியில் முதலாம் ஆண்டு பயிலும் மாணவருக்கும் பெரும்பாலும் தேவையில்லை. கல்லூரியின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பிளெண்டர், ஃப்ரீகேட் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விலையுயர்ந்த வரைபட மென்பொருள்களையும் மாணவர்க்குக் கட்டணமின்றி வழங்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றை நடுத்தர விலைக் கணினியில் பழகி, கை தேர்ந்த பின்னர் பெரிய கருவியை நாடலாம். உளி பிடிக்கக் கற்பவர் முதல் நாளே கருங்கல்லில் தெய்வத் திருமேனி செதுக்கத் தொடங்குவதில்லை.

ஓரிடத்திலேயே அமர்ந்து வேலை செய்பவருக்கு மேசைக்கணினியே சிறந்தது. அதே விலைக்குக் கூடுதல் ஆற்றலும், பெரிய திரையும், நீண்ட ஆயுளும் கிடைக்கும். வேலை நடக்கும் இடத்திற்கே சென்று வரைபடத்தைத் திறந்து காட்ட வேண்டியவர், வாடிக்கையாளர் முன்னிலையில் திருத்தங்கள் செய்ய வேண்டியவர், இன்று ஊரிலும் நாளை வெளியூரிலும் பணியாற்றுபவர் ஆகியோருக்கே சுமந்து செல்லும் பட்டறை பயன்தரும்.

ஆகவே பிள்ளைகளிடம் பெற்றோர் மூன்று வினாக்களை அன்போடு கேட்கலாம். எந்த மென்பொருளில் வேலை செய்கிறாய்? இப்போதுள்ள கணினி அதில் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது? அவ்வேலையை வெளியிடத்தில் செய்ய வேண்டிய நாட்கள் மாதத்தில் எத்தனை? இம்மூன்றுக்கும் தெளிவான விடை வந்தால் கோரிக்கையில் உண்மை இருக்கிறது. "நண்பர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்" என்பது மட்டுமே விடையாக வந்தால் சற்றுப் பொறுத்திருப்பதே அறிவுடைமை.

கணக்குப் பார்ப்போம்

மூன்று இலட்ச ரூபாய்க்கு ஒரு பொறி வாங்குகிறோம், அது ஐந்தாண்டு உழைக்கும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 60,000 ரூபாய். மாதத்திற்கு 5,000 ரூபாய். கடனில் வாங்கினால் வட்டியும், மென்பொருள் வாடகையும் இதற்கு மேல். ஆறு மணி நேரம் பிடித்த வேலையை இரண்டு மணியில் முடித்து, அதனால் மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் வருவாய் வருமாயின் கருவி தன் விலையைத் தானே சம்பாதித்துக்கொள்கிறது. வராதாயின் அது அலங்காரப் பொருளே.

கணினி, நிலத்தைப் போலவோ பொன்னைப் போலவோ மதிப்பு ஏறும் சொத்தன்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் விதிகளில், 2017 ஏப்ரல் முதல் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கப்பட்டது. அக்கணக்கின்படி ஓர் இலட்ச ரூபாய்ப் பொருள் முதலாண்டு முடிவில் 60,000, அடுத்த ஆண்டு 36,000, மூன்றாம் ஆண்டு 21,600 ரூபாய் என்றாகிவிடுகிறது. பொன்னை அடகு வைத்துக் கணினி வாங்குவோர், ஏறும் பொருளைக் கொடுத்து இறங்கும் பொருளைப் பெறுகிறோம் என்பதை மறக்கலாகாது.

சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்துபவர், கணினிக்குச் செலுத்திய 18 விழுக்காடு வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழியுண்டு. இதற்குத் தொழிலின் பெயரில் முறையான பட்டியல் பெறுதல் இன்றியமையாதது. சென்னை ரிச்சி தெருவில், பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த ஒர்க்ஸ்டேஷன்கள் குறைந்த விலையில் கிடைப்பதுண்டு. ஆயின் மின்கலத்தின் நிலை, திரையின் புள்ளிகள், விசிறியின் ஓசை, எழுத்து மூலமான உத்தரவாதம் ஆகியவற்றைப் பாராமல் பணம் கொடுக்கலாகாது.

கடற்கரையும் கல்தூசியும்

நம் கடலோரத்திற்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. உப்புக்காற்றும் ஈரப்பதமும் மின் இணைப்புகளை அரிக்கும். கல் பட்டறையின் நுண்தூசி விசிறிக்குள் படிந்து காற்றோட்டத்தை அடைக்கும். வெப்பம் மிகுந்ததும் பொறி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூன்று இலட்சம் கொடுத்து வாங்கியது ஐம்பதாயிர ரூபாய்க் கணினியைப் போல நடக்கத் தொடங்கும். எனவே கல் உடைக்கும் இடத்திற்கு அருகில் திறந்து வைத்தல் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுந்தவரிடம் கொடுத்துத் தூசி அகற்ற வேண்டும். அறைக்குள் குளிரூட்டியில் இருந்த பொறியைக் கடற்காற்றில் உடனே இயக்காமல், உள்ளே வியர்த்த ஈரம் உலரும்வரை சற்றுப் பொறுக்க வேண்டும்.

2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். புயலும் வெள்ளமும் வரும் ஊரில், செய்த வேலையை ஒரே பொறியில் மட்டும் வைத்திருப்பது பேதைமை. மூன்று படிகள் இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனிச் சேமிப்பகத்தில், ஒன்று வேறோர் ஊரில் அல்லது இணையச் சேமிப்பில். கெட்டுப்போன பொறியை மீண்டும் வாங்கலாம். ஆறு மாத உழைப்பை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

இல்லத்தின் அமைதி

பட்டறை தோளில் ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டமையால் வேலையும் கூடவே வந்துவிடுகிறது. கல்லுளியைப் பட்டறையில் வைத்துவிட்டு வீடு திரும்பிய காலம் வேறு. இன்று உணவு மேசையிலேயே வரைபடம் விரிகிறது. தந்தை பேசும்போது மகனின் கண் திரையில் இருக்கிறது. வேலைக்கென ஒரு மூலையும், மூடி வைப்பதற்கென ஒரு நேரமும் குறித்துக்கொள்ளுதல் நன்று. திரையைக் கண்மட்டத்திற்கு உயர்த்தித் தனி விசைப்பலகை வைத்துக்கொண்டால் கழுத்துவலி குறையும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இருபது அடி தொலைவிலுள்ள பொருளை இருபது விநாடி நோக்கினால் கண்ணுக்கு ஓய்வு கிட்டும். மூன்று கிலோவை ஒரு தோளில் தொங்கவிடாமல் இரு தோளிலும் சுமப்பதே முதுகுக்கு நலம்.

வேண்டாதவர் கையில் இப்பொறி வீண் சுமை. வேண்டியவர் கையில் அது ஒரு குடும்பத்தின் வாழ்வு. கருவியை வாங்கித் தரும் பெற்றோர் அதன் பயனை அறிந்து தரட்டும். பெற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அதன் விலை யாருடைய வியர்வை என்பதை உணர்ந்து பெறட்டும். முடிவு செய்யும் முன்னர் ஒரு மாலைப் பொழுதில் வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதிப் பார்ப்பார்களாக. கடைக்குச் செல்வது அதன் பின்னர் ஆகட்டும்.