"மதுரை" என்றால் மட்டும் எரர் ஏன்?

கடைக்கு பில் போட, விண்டோஸில் ஜாவா 17 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் புரோகிராம் எழுதி, யூடிஎப்-8 ஆக சேவ் செய்கிறீர்கள். ஒரு பட்டனில் "சேமி", மற்றொன்றில் "மதுரை". கம்பைலர் "மதுரை" வரியில் மட்டும் எரர் காட்டுகிறதா? பயப்பட வேண்டாம்.

யூடிஎப்-8 முறையில் தமிழ் எழுத்தும் துணைக்குறியும் தலா 3 பைட்டுகள். அதனை விண்டோஸின் ஆங்கிலக் குறியீட்டு முறையில் கம்பைலர் படிக்கையில், "து"வின் உகரக் குறியிலுள்ள கடைசி பைட்டுக்கு எழுத்தே கிடைப்பதில்லை. "சேமி" எரர் இன்றித் தப்பிவிடும். ஆனால் பட்டனில் அலங்கோலமாகத் தெரியும்.

கம்பைல் கட்டளையில் "-என்கோடிங் யூடிஎப்-8" என்பதனை ஆங்கிலத்தில் சேர்த்திடவும். 2022ல் வந்த ஜாவா 18 முதல் இது தேவையில்லை.

எரர் காட்டாத தவறுதான் வாடிக்கையாளர் வரை போகும். எனவே, கம்பைல் ஆனதும் விண்டோவையும் ஒருமுறை பார்த்திடவும்.