பழைய எலெக்ட்ரானிக் காமிராக்களில் பழுதுறுவது எது?

பிலிமில் படமெடுக்கும் பழைய எலெக்ட்ரானிக் காமிரா ஒழுங்காக இயங்காவிடில், அதன் மின்சுற்று கெட்டுவிட்டது, இனிப் பயனில்லை என்று ஒதுக்கிவிடுவோர் பலர். பழுதுபார்ப்போரின் அனுபவமோ வேறு. டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. ரப்பரும் மசகும் மின்கல முனைகளுமே முதலில் கெடுகின்றன.

ஜப்பானில் 1966-ஆம் ஆண்டு வெளிவந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 காமிராவை எடுத்துக்கொள்வோம். படமெடுப்பவர் லென்ஸின் துவார அளவை மட்டும் அமைக்கிறார். ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரத்தை மின்சுற்றே தீர்மானிக்கிறது. ஒளி மிகுந்தால் காட்மியம் சல்பைடு உணர்வியின் மின்தடை குறைந்து, மின்தேக்கி விரைவில் நிரம்பும். ஒளி குறைந்தால் தாமதமாக நிரம்பும். அதுவரை ஒரு மின்காந்தம் ஷட்டரை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மின்கலம் இல்லையேல் பிடிப்பும் இல்லை. ஷட்டர் 1/500 விநாடியிலேயே மூடிவிடும். (படங்கள் யாவும் இருண்டு போயினவெனில், முதலில் மின்கலத்தைப் பார்ப்பது நலம்.)

இத்துணை நுட்பமான ஏற்பாட்டைக் குலைப்பது, விசையோடு இணைந்த நெம்புகோல் தங்குமிடத்திலுள்ள ஒரு சிறு ரப்பர்த் துண்டு. ஆண்டுகள் பல செல்ல, அது நொறுங்கிப் பிசினாகிவிடுகிறது. நெம்புகோல் தன் நிலைக்குத் திரும்பாமையால் தொடுமுனைகள் உரிய வேளையில் இணைவதில்லை, ஒளிக்கணிப்பு தவறுகிறது. பிலிமைச் சுற்றும்போது கேட்கவேண்டிய 'டக்' என்னும் ஒலி கேளாவிடில், ரப்பர் கெட்டது எனக் கொள்ளலாம். காமிராவைப் பிரித்துப் புதிய துண்டு ஒட்டினால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

மின்கலம் மற்றொரு தொல்லை. இதற்கென அமைந்த 5.6 வோல்ட் பாதரச மின்கலம், பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாகக் கைவிடப்பட்டது. இப்போது 6 வோல்ட் கார மின்கலத்தைச் சிறு சுருள்வில்லின் துணையுடன் பொருத்துகின்றனர். கசிந்த மின்கலம் முனைகளை அரித்திருப்பின், காடியில் தோய்த்த பஞ்சினால் காரத்தைப் போக்கி, நன்கு உலர்த்த வேண்டும். கம்பியின் உறைக்குள்ளும் அரிப்பு ஊர்ந்திருக்கலாம். அப்போது கம்பியையே மாற்றுவது மேல்.

1976-இல் வந்த கானன் ஏ.இ.-1 காமிராவில் நுண்செயலியே இருந்தது. எனினும் அதன் பெயர்பெற்ற நோய், படமெடுக்கும்போது எழும் கீச்சொலிதான். கண்ணாடியை இயக்கும் பற்சக்கரங்களில் மசகு வற்றியதே காரணம். உரிய இடத்தில் சிறு துளி எண்ணெய் போதும்.

அதன் ஒருங்கிணைந்த சுற்று எரிந்துவிட்டாலோ நிலைமை வேறு. அதனைக் கைவினையால் செய்துகொள்ள இயலாது. அதே வகையைச் சேர்ந்த மற்றொரு பழுதான காமிராவிலிருந்து கழற்றியெடுக்க வேண்டியதுதான். அனுபவமுள்ளோர் உடைந்த காமிராக்களையும் எறியாமல் பெட்டியில் சேர்த்துவைப்பது இதனாலேயே.