1,003 தொலைக்காட்சிகளுக்கு வைத்தியம்

ஓவியத்தை வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் பல நூறு ஆண்டுகள் தாங்கும். வீடியோவிலும் கணினியிலும் உருவான கலைப்படைப்பு அப்படியன்று. அது ஓடும் இயந்திரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். பல்லூடகப் பாடம் நடத்தும் நான், புதிய மாணவர்களிடம் முதலில் பேசுவது தென் கொரியாவில் உள்ள ஒரு கோபுரத்தைப் பற்றித்தான்.

சோலுக்கு அருகே குவாச்சியோன் நகரில் தேசிய நவீன கலை அருங்காட்சியகம் இருக்கிறது. வீடியோ கலையின் தந்தை எனப் போற்றப்படும் நாம் ஜூன் பைக், சோல் ஒலிம்பிக் நடந்த 1988-இல் அங்கே 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி, 18.5 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பினார். 1,003 என்பது சும்மா வந்த எண்ணன்று. கொரிய தேசம் தோன்றிய நாளாகக் கொண்டாடப்படும் அக்டோபர் 3-ஐக் குறிக்கிறது.

எல்லாம் பின்பக்கம் தடித்த பழைய பெட்டிகள். 2003-இல் அனைத்தையும் மாற்றினார்கள். பிறகும் பழுது விடவில்லை. 2018-இல் பாதுகாப்பு கருதி மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். அத்தகைய பெட்டிகளின் உற்பத்தியோ அதற்குள் கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. எல்லாவற்றையும் தட்டைத் திரையாக மாற்றலாமா? மாற்றினால் அது பைக்கின் படைப்புதானா? பெட்டியின் வளைந்த கண்ணாடியும் பருத்த உடலும் அந்தச் சிற்பத்தின் பாகமல்லவா?

2022-இல் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தது. 737 பெட்டிகளைப் பழுது பார்த்தோ, தேடிப் பிடித்த பழைய பெட்டிகளை வைத்தோ சரிசெய்தார்கள். உச்சியில் இருந்த 266 சிறிய பெட்டிகளுக்கு மட்டும், வெளித்தோற்றம் மாறாமல், உள்ளே தட்டைத் திரை பொருத்தினார்கள். வீடியோக்களை டிஜிட்டலாக்கினார்கள். கோபுரம் ஓடும் நேரத்தையும் குறைத்தார்கள். என் பார்வையில் இது நேர்மையான சமரசம். எதை மாற்றினோம், எதை விட்டுவைத்தோம் என்று எண்ணிக்கையோடு சொல்ல முடிகிறதே!

இந்த வேலையை இளையோராலும் செய்ய முடியும். ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள், நெகிழ்வட்டுகளில் முடங்கிக் கிடந்தன. அவற்றை மீட்டவர்கள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர். வட்டைப் படித்த பிறகும் படம் திறக்கவில்லை, கோப்பின் வடிவமே புதிராக இருந்தது. அதையும் அவர்களே ஆராய்ந்து அவிழ்த்தார்கள். 2014-இல் படங்கள் வெளியுலகுக்கு வந்தன.

நம் ஊர் மாணவர்கள் ஒரு காலத்தில் ஃபிளாஷ் மென்பொருளில் எத்தனை அசைவூட்டங்கள் செய்தார்கள்! 2020 முடிவோடு அதற்கான ஆதரவு நின்றது. இன்று 'ரஃபிள்' போன்ற போலச்செய்யும் மென்பொருள் இருந்தால்தான் பல படைப்புகளைத் திறக்கவே முடிகிறது.

ஆகவே, என் வகுப்பில் படைப்பை மட்டும் ஒப்படைத்தால் போதாது. மூலக் கோப்புகள் வேண்டும். யாராவது அதைப் பயன்படுத்தும்போது எடுத்த காணொளி வேண்டும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த அளவுத் திரை, எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதியும் தர வேண்டும். அந்தப் பக்கத்துக்குத்தான் மாணவர்கள் அதிகம் முணுமுணுப்பார்கள். ஒரு மாணவி அதில், ஒலி வலது காதில் மட்டும் கேட்பது பழுதன்று, வேண்டுமென்றே அப்படி வைத்ததால் யாரும் சரிசெய்துவிட வேண்டாம் என்று எழுதியிருந்தார்.